விற்காத விதியே, வாழ்க!

‘வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்னும் உரிம விதியே, பலர் கூடிக் கூலியில்லாமல் எழுதும் கலைக்களஞ்சியத்துக்கு உன்னைப் போல் விழிப்பான காவல் வேறு ஏது?

நயினார்கோவில் என்னும் ஊரில் உன் பெருமை நன்றாக விளங்கும். நாகநாத சுவாமியை வணங்க அங்கே இந்துக்களும் வருகிறார்கள், முஸ்லிம்களும் வருகிறார்கள். அந்தக் கோவிலைப் பற்றி உன் காவலில் உள்ள கட்டுரையைச் சிறு நூலாக அச்சடித்துச் சன்னதித் தெருக் கடைக்காரர் பத்து ரூபாய்க்கு விற்க நினைத்தால், நீ குறுக்கே நிற்பாய். தாளும் அச்சுக்கூலியும் போக அவருக்கு மிஞ்சுவது ஓரிரு ரூபாய்தான். ஆனாலும் அது உனக்கு வணிகம். பெட்டிக்கடைக்கும் பெருநிறுவனத்துக்கும் வேற்றுமை பாராத நடுநிலை உன்னுடையது! நிறுவனம் வக்கீலை வைத்து உன் பொருளை ஆராயும். கடைக்காரர் உன்னைக் கண்டதுமே ஒதுங்கிவிடுவார். சிறப்பு அனுமதி கேட்கலாம் என்றால், நூறு பேர் எழுதிய கட்டுரைக்கு எந்த வாசலில் போய் நிற்பது? அந்த வீண் அலைச்சலையும் அவருக்கு நீ மிச்சப்படுத்துகிறாய்.

கோபுரத்தைப் படமெடுத்து உன் காவலில் ஒப்படைத்தவரின் படம் தமிழ் விக்கிப்பீடியாவுக்குள் நுழைய முடியாது. ஊர் பார்க்க எடுத்த படத்தை ஊர்க்கண் படாமல் காத்தாயே, அந்தப் பரிவை என்னென்பது!

விக்கிக் கட்டுரைகளை அப்படியே நூலாக்கிக் கொள்ளை விலைக்கு விற்றவர்கள் உண்டு. அவர்களைக் கண்டு கொதிக்கிறாயே, அந்த அறச்சீற்றம் மெச்சத்தக்கது. அதே கட்டுரையை மலிவாக விற்க வருபவரையும் சேர்த்து விரட்டுகிறாயே, அது அதைவிட மெச்சத்தக்கது.

2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியா உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எழுதியவர்களைக் குறிப்பிடு, மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் பிறருக்குத் திறந்து வை என்ற இரண்டு நிபந்தனைகளே போதும் என்று இருந்துவிட்டது. ஜெர்மன் விக்கிப்பீடியாவும் அப்படித்தான். அதிலிருந்து தொகுத்த ஒற்றைத் தொகுதியைப் பெர்டெல்ஸ்மான் பதிப்பு நிறுவனம் 2008இல் விலைக்கு வெளியிட்டது. பிரதிக்கு ஒரு யூரோ, விக்கிப்பீடியாவுக்குத் துணைநிற்கும் ஜெர்மன் விக்கிமீடியா அமைப்புக்குப் போனது. இணையத்தில் இருந்த கட்டுரையில் ஓர் எழுத்தும் குறையவில்லை. கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகவே இருக்க, அவற்றை விரைவாகவும் சீராகவும் பெறும் சேவைக்காக 2022இல் கூகுள், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்குப் பணம் கட்டும் வாடிக்கையாளரானது. நீ இருந்திருந்தால் இந்தத் தீங்கெல்லாம் நேர்ந்திருக்குமா?

எழுதியவர்கள் காசு கேட்கவில்லை. படிக்க ஆள் வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்காததை அவர்களுக்காகக் கட்டிக் காத்தாய், கேட்டதை மறந்தாய். இணையம் எட்டாத வீட்டுக்கு அறிவைச் சுமந்து போகும் சிறுவியாபாரியை வழியிலேயே மறித்தாய். உன் காவலில் எதுவும் களவு போகாது என்பது உண்மை, விதியே. களவு போக வேண்டுமானால் முதலில் அது வெளியே வந்திருக்க வேண்டுமே!