பேத்திக்கு காம்ப்ரியாம்

ஏட்டி, ஒங்கம்மா போன்ல அழுவுதா. "பிள்ள சோறு திங்க மாட்டேங்கா, காம்ப்ரி காம்ப்ரின்னு பொலம்புதா"ன்னு. "பயமா இருக்குங்காளா, படிக்கலங்காளா?"ன்னு கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானங்கா. ஒண்ணு இல்லட்டி. பயத்துக்கு எங்கிட்ட வெவரம் இருக்கு. படிக்கலன்னா அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது.

நான் படிச்சது எட்டாங்கிளாசு. ஆனா சென்னையில ஒரு பெரிய காலேசுல அட்டெண்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தக் காம்ப்ரி, அதான் பிஎச்.டி. நடுவுல வாத்தியாருமாரு வாய்க்கேள்வி கேக்குத காம்ப்ரிஹென்சிவ் வைவா, அது நடக்குத ரூமுக்குள்ள டீத்தட்டோட போயி வந்ததுக்கு கணக்கே கெடையாது. தட்டோட போறவன எவரும் திரும்பிப் பாக்க மாட்டாவ. அதுல ஒரு வசதி, நாம எல்லாத்தையும் பாத்துக்கிடலாம். பச்ச மார்க்கருக்கு சிவப்பு மூடிய மாட்டி, அதையும் சரியா மாட்டாம, வெரலெல்லாம் மையா நிக்க பிள்ளைகள எத்தனையோ பாத்துட்டேன்.

நீ இதுவரைக்கும் எழுதினதெல்லாம் வேற ஜாதி. கோர்ஸ் ஒர்க் இருக்குல்லா, யூஜிசி 2022-ல போட்ட விதிப்படி பல்கலைக்கழகத்துல கொறஞ்சது 12 கிரெடிட், தேற 55 சதவீதம். அதுல கேள்வித்தாளு உண்டு, மணி அடிச்சா வெளிய வந்துரலாம். காம்ப்ரிக்கு சிலபஸ் என்னன்னு கேட்டுப் பாரு, நாலு பாடத்துப் பேரச் சொல்லி, "சும்மா அடிப்படைதாம்மா"ம்பாவ. எது வரைக்கும் அடிப்படைன்னு கேட்டா சிரிக்காவ. சில துறையில எழுத்துப் பரீட்சை ஒண்ணு வச்சுட்டு அப்புறம் ரூமுக்குள்ள விடுவாவ. சில துறையில நேரா ரூமுதான். ஐஐடி-ன்னாலும் ஐஐஎஸ்சி-ன்னாலும் இதத் தாண்டாம டாக்டரு பட்டத்துப் பக்கம் போக முடியாது.

மேலப்பாளையம் சந்தையில மாட்டுத் தரகன் என்ன செய்வான்? பல்லப் பிடிச்சுப் பாப்பான், வால முறுக்குவான், கொளம்புல தட்டுவான், "சுழி சரியில்ல"ம்பான். மாடு வேண்டாங்கதுக்கா? வேண்டாம்னா அவன் கிட்டயே வர மாட்டானே. வெலயக் கொறைக்கத்தான். டிசி, அதான் ஒங்க டாக்டரல் கமிட்டி, அந்த மெம்பர்மாரும் அப்படித்தான்னு வச்சுக்கோ. ஒனக்கு ரெண்டு வருசமா ஸ்டைபண்ட் கொடுத்து, சீட்டு கொடுத்து, லேப் சாவியும் கொடுத்தாச்சு. தொரத்தி விட்டா நஷ்டம் யாருக்கு? ஆனா "எனக்கு எல்லாம் தெரியும்"னு நீ ஒரு வெல வச்சுக்கிட்டுப் போறேல்லா, அதத்தான் எறக்குவாவ. நீயே பாதி வெலைக்கு எறங்கிப் போயிட்டா அவியளுக்கு வேல மிச்சம்.

ஒரு பையன் வந்தான். கம்ப்யூட்டர்ல தண்ணி ஓடுததக் கலர் கலராப் போட்டுக் காட்டுதான். சிவப்பு, மஞ்ச, நீலம், கோயில் கொடையில சீரியல் லைட்டு போட்ட மாதிரி. நான் பிஸ்கட் தட்ட வைக்கையில வயசான சார் ஒருத்தரு மெதுவாக் கேட்டாரு: "ரொம்ப அழகு தம்பி. பெர்னூலி சமன்பாடு எங்கெங்க செல்லாது?" பி.ஈ. ரெண்டாம் வருசத்துக் கேள்வின்னு பொறகு சொன்னாவ. பையன் ஸ்லைட முன்னால தள்ளுதான், பின்னால தள்ளுதான். அதுல பதில் இருந்தாத்தானே! உராய்வு இருந்தா செல்லாது, ஓட்டம் நேரத்துக்கு நேரம் மாறுனா அந்த வடிவத்துல செல்லாதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா டீ ஆறுததுக்குள்ள முடிஞ்சிருக்கும். அதனால ஒங்கிட்ட சொல்லுதேன், புதுப் பேப்பரு நூறு படிச்சது போதும். தூசி தட்டி அந்தப் பழைய பி.ஈ. புஸ்தகத்த எடு. அப்படியே ஒவ்வொரு மெம்பரும் இந்த செமஸ்டர் என்ன கிளாசு எடுக்காருன்னு ஆபீசுல கேளு. மனுசன் காலையில பாடம் நடத்தினதத்தான் மத்தியானம் கேப்பாரு. புதுசா யோசிச்சுக் கேள்வி கேக்க அவியளுக்கு ஏது நேரம்?

தெரியாத கேள்வி வரத்தான் செய்யும். வர வரைக்கும் விடவும் மாட்டாவ, ஒனக்கு எங்க முடியுதுன்னு பாக்கதுதான் அவிய சோலி. கடகடன்னு கத அளக்காத, அவிய அந்தக் கதைய எழுதினவங்க. ஒரு பிள்ள என்ன செஞ்சா தெரியுமா? "இது எனக்குத் தெரியாது சார். ஆனா இதக் கூட்டினா அது கொறையும்னு தோணுது, போட்டுப் பாக்கவா?"ன்னு போர்டுப் பக்கம் திரும்பினா. பாதி போட்டிருப்பா, "இல்ல இல்ல"ன்னு ஒரு சார் எந்திச்சு மார்க்கரப் பிடுங்கினாரு. இன்னொருத்தரு "அவ போட்டதுதான் சரி"ன்னாரு. ரெண்டு பேருக்கும் வருசக்கணக்கா உள்ள பக, அன்னைக்கு நல்லா வெளிய வந்துச்சு. அவ சுவத்துல சாஞ்சு நின்னு தண்ணி குடிச்சா. தேறிட்டா. அப்படி வாத்தியாருக்குள்ள சண்ட வந்தா நடுவுல போயி சமாதானம் பண்ணிராத, அது ஒனக்குக் கெடச்ச இடைவேளை.

கைடு சார் காப்பாத்துவாருன்னு இருக்காத. அன்னைக்கு அவருக்கும் பரீட்சதான். "ஒம்ம மாணவிக்கு இது கூடத் தெரியலையே"ன்னு யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாவ, திரும்பி ஒரு பார்வை பாப்பாவ. அது போதும், மனுசன் செல்போன நோண்ட ஆரம்பிச்சிருவாரு.

வெளிநாட்டுலயும் இதே கததான். அமெரிக்காவுல படிச்சு வந்த ஒரு சார் டீ குடிக்கையில சொல்லுவாரு. அங்க ஊருக்கு ஒரு பேரு, குவாலிஃபையிங்குங்கான், பிரிலிம்ஸுங்கான். பிரின்ஸ்டன்ல அதுக்கு ஜெனரல்ஸுன்னு பேரு. கணக்குக்கு மூணு வாத்தியாரு, எல்லாருக்கும் உள்ள பாடம் போக நீயே எடுத்துக்கிடுத தலைப்பு ரெண்டு. டெரன்ஸ் டாவ்னு ஒருத்தரு, 2006-ல ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கின பெரிய மூளை. அவரே படிக்காம வீடியோ கேம் விளையாடிட்டுப் போயி, எண் கோட்பாட்டுக் கேள்வியில திணறித் திணறித்தான் கரையேறினாராம். ஒடனே "நானும் விளையாடுதேன் தாத்தா"ன்னு ஆரம்பிக்காத. நீ டாவ் இல்ல, எம் பேத்தி.

ரஷ்யாவுல லாண்டாவுன்னு ஒரு இயற்பியல்காரரு. அவருகிட்ட சேரணும்னா "தியரட்டிக்கல் மினிமம்"னு வரிசையா பரீட்சை தேறணும். 1930-கள்ல ஆரம்பிச்சது, 1961 வரைக்கும் அத்தனை வருசத்துல தேறினது 43 பேரு. மொதப் பரீட்சை கணக்கு, அத அவரே நடத்துவாரு. கணக்கக் கொடுத்துட்டு அப்பப்ப வந்து தோளுக்கு மேல எட்டிப் பாப்பாராம். பேசாமப் போனாருன்னா நல்லது. "ம்ம்"ன்னாருன்னா கோவிந்தா. ஒங்க டிசியில அப்படி ம்ம் போடுதவரு யாருன்னு சீனியர்கிட்ட விசாரிச்சு வை.

தேறாமப் போயிட்டா என்னங்கியா? பெரும்பாலும் ரெண்டாவது வாய்ப்பு உண்டு, சில மாசம் கழிச்சு மறுபடி கூட்டுவாவ. அதுவும் போச்சுன்னா பதிவு போச்சு. அமெரிக்காவுல ஒரு மாஸ்டர் டிகிரியக் கையில கொடுத்து, மரியாதையா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாவளாம். தேறினா துட்டு உண்டு. 2023 சனவரியில இருந்து ஜேஆர்எஃப்-க்கு மாசம் 37,000, எஸ்ஆர்எஃப்-க்கு 42,000. ரெண்டு வருசம் முடிஞ்சு, காம்ப்ரியும் தேறினாத்தான் பல இடத்துல அந்த அஞ்சாயிரம் கூடும். அரியர் எப்ப வரும்னு என்னக் கேக்காத, அக்கவுண்ட்ஸ் செக்சன்ல எனக்கு இப்ப ஆள் இல்ல.

நொறுக்குத்தீனி நீதான் ஏற்பாடு பண்ணணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது, ஆனா எல்லாரும் பண்ணுதாவ. முந்திரி கேக்கு வேண்டாம், ஒரு வாயில முடிஞ்சிரும், மறு வாய் கேள்வி கேக்கும். சூடா மொளகா பஜ்ஜி வாங்கு. நீ பேச ஆரம்பிச்சு பத்தாவது நிமிசம் தட்டு உள்ள வரணும், இப்ப இருக்க அட்டெண்டர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

முடிஞ்சதும் "கொஞ்சம் வெளிய நில்லும்மா"ம்பாவ. கதவுல காத வைக்காத. உள்ள ஒன்னப் பத்தி ரெண்டு நிமிசம், அடுத்த ஹெச்.ஓ.டி. யாருங்கதப் பத்தி இருவது நிமிசம். மினிட்ஸ் தாளையும் பேனாவையும் கையிலயே வச்சுக்கோ. கதவு தொறந்ததும் சேர்மன் கை கொடுப்பாரு, நீ பல்லக் காட்டிக்கிட்டு நிப்பே, அதுக்குள்ள ஒரு மெம்பர் போன் பேசிக்கிட்டே படி எறங்கியிருப்பாரு. அவரு கையெழுத்து இல்லாம ஆபீசுல அந்தத் தாள வாங்க மாட்டாவ. பின்னாலயே ஓடு. வழியில காங்கிராட்ஸ் சொல்ல எவன் மறிச்சாலும் நிக்காத.