நிலாப் பேரழிவும் துவரம் பருப்பும்: ஓர் ஆய்வு

தோற்றுவாய்

பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் கட்டிலில் கவிழ்த்து வைத்திருந்த நாவலை, அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு ஞாயிறு மதியம் தகப்பன் எடுத்துப் புரட்டினான். திங்கட்கிழமை மாலை அவன் மளிகைக் கடையில் ஐந்து கிலோ துவரம் பருப்பு வாங்கினான். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலான காரண காரியத் தொடர்பை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். தகப்பனும் ஆய்வாளரும் ஒருவரே என்பதால் ஆய்வின் நடுநிலைமைக்குப் பங்கம் ஏதும் நேரவில்லை என்று ஆய்வாளரே சான்றளிக்கிறார்.

ஆய்வெல்லை

மகளின் நாவலைப் போல உலகம் அழியும் இளையோர் நாவல்கள் ஏராளம். அத்தனையையும் படித்து முடிப்பதற்குள் உலகம் முந்திக்கொள்ளக் கூடும். ஆகவே அமெரிக்க எழுத்தாளர் சூசன் பெத் ஃபெஃபரின் நான்கு நாவல்கள் மட்டும் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. வரிசையின் முதல் நாவலான ‘லைஃப் ஆஸ் வி நியூ இட்’ 2006இல் வெளிவந்தது. மற்ற மூன்றும் 2008, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வந்தன. சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ (2008) துணைமைச் சான்று. திரைப்படங்கள் விலக்கப்பட்டன, பட்டினி கிடப்பவர்களின் கன்னங்கள் அவற்றில் நம்பும்படி இல்லை.

அறிவியற் பின்புலம்

பென்சில்வேனியாவில் வாழும் மிராண்டா என்ற பதினாறு வயதுப் பெண்ணின் நாட்குறிப்பாக முதல் நாவல் அமைந்துள்ளது. ஒரு விண்கல் நிலாவில் மோதுகிறது. ஊரே தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, நிலா இடம் பெயர்ந்து பூமியை நெருங்கிவிடுகிறது. கடல் பொங்கிக் கரையோர நகரங்களை விழுங்குகிறது. எரிமலைகள் வெடிக்கின்றன. சாம்பல் வெயிலை மறைக்க, பருவம் தவறிக் குளிர் வந்து சேர்கிறது.

நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடலை ஏற்றி இறக்கும் அதன் விசை, தொலைவின் மும்மடிக்கு எதிர் விகிதத்தில் மாறும். தொலைவு பாதியானால் விசை எட்டு மடங்கு. இதுவரை நியாயம் நாவலாசிரியர் பக்கம். சிக்கல், நிலாவை நகர்த்துவதில்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள் பட்டையில் ஆகப் பெரியது சீரிஸ். அதன் நிறையே நிலாவின் நிறையில் எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைவிடச் சிறிய கல்லொன்று நிலாவைத் தள்ளியது என்பது, கோலிக்குண்டால் அடித்துக் கோயில் தேரை நிலைக்குக் கொண்டுவந்தது போல. கதைக்குக் கால் இல்லை என்பார்கள். இக்கதையில் நிலாவுக்குக் கால் முளைத்திருக்கிறது, அவ்வளவே.

கருதுகோள்

பேரழிவு நாவலின் பாடுபொருள் பேரழிவன்று, மளிகைச் சிட்டையே.

சான்று ஒன்று: மிராண்டாவின் அம்மா பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நேரே கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு மூதாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு விரைகிறாள். அங்கே பில் போட நேரமில்லை. தள்ளுவண்டிக்கு இவ்வளவு என்று ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பகுதியை ஆய்வாளர் மூன்று முறை படித்தார். நகரங்கள் மூழ்கும் செய்தியை ஒரு முறைதான் படித்தார்.

சான்று இரண்டு: பிறகொரு நாள் மிராண்டா சாமான் அறையில் ஒரு பை சாக்லேட் துணுக்குகளைக் கண்டெடுத்துத் திருட்டுத்தனமாகத் தின்கிறாள். அம்மா கண்டுபிடிக்கிறாள். மிச்சம் முழுவதையும் இப்போதே தின்று தீர் என்பதுதான் தண்டனை. எரிமலை வெடித்தபோது பதறாத ஆய்வாளரின் நெஞ்சு இங்கே பதறியது.

சான்று மூன்று: ‘ஹங்கர் கேம்ஸ்’ நாட்டில் ஏழைப் பிள்ளைகள் ‘தெசெரா’ வாங்கலாம். ஒரு தெசெராவுக்கு ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். பதிலுக்குக் கொலை விளையாட்டுக்கான குலுக்கலில் வாங்குபவரின் பெயர்ச் சீட்டு ஒன்று கூடும். இப்படிச் சேர்ந்துதான் பதினாறு வயதில் நாயகி காட்னிஸின் பெயர் இருபது முறை பெட்டிக்குள் கிடக்கிறது. அதாவது ரேஷன் கார்டும் மரண ஓலையும் ஒரே கவுண்ட்டரில் கிடைக்கும் நாடு அது. வில்லும் அம்பும் இரண்டாம் பட்சமே.

ஒப்பியல் நோக்கு

எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு என்று ஓரிடத்திலாவது நிறுவாத தமிழாய்வு நிறைவு பெறாது. கடல்கோளில் புகார் நகரம் அழிகிறது, நாயகி இளம்பெண், கதை நெடுகிலும் பசி. ஆக ‘மணிமேகலை’யே உலகின் முதல் இளையோர் பேரழிவுக் காப்பியம் என்று அரைப் பக்கம் எழுதிய பின் ஓர் இடறல் தென்பட்டது. மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் இருக்கும் வீட்டில் இரண்டாம் பாகத்துக்கு வழியில்லை. மிராண்டா வீட்டுச் சாமான் அறையோ நாளுக்கு நாள் காலியாகிறது. ஆகவே நான்கு பாகம். இவ்வகை நாவல் வரிசையின் நீளம் கையிருப்புக்கு எதிர் விகிதத்தில் அமையும் என்பது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

வாசகர் மீதான விளைவுகள்

அ) இரவு இரண்டு மணிக்குச் சமையலறை விளக்கு எரிதல். ஆ) தண்ணீர் கேன்களை எண்ணி நாட்களால் வகுத்தல். இ) விருந்தாளிகள் இரண்டாம் முறை சாதம் கேட்கும்போது உள்ளூரக் கணக்குப் போடுதல். ஈ) “ஏங்க, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு இவ்வளவு பருப்பு?” என்ற கேள்விக்கு ஆய்வு முறைப்படி விடை சொல்ல இயலாமை.

மறுப்புரை

ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. புறத்தேர்வாளராக மகள் அமர்ந்தாள். கருதுகோளைக் கேட்டுவிட்டு, “நீங்க டப்பாவை எண்ணியிருக்கீங்கப்பா. நான் அந்த வீட்டில யார் சாப்பிடலைன்னு எண்ணிட்டிருந்தேன்” என்றாள்.

ஆய்வாளர் நாவலைத் திரும்பப் புரட்டினார். பிள்ளைகள் பங்கு குறையாமல் இருக்க, அந்த அம்மா தன் தட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாள். அதை அவள் சொல்வதில்லை. மகள்தான் கவனித்து நாட்குறிப்பில் எழுதுகிறாள். மளிகைப் பகுதியை மூன்று முறை படித்த ஆய்வாளர் கண்ணில் அது படவில்லை. இத்தனைக்கும் ஆய்வாளர் வீட்டில் தினமும் கடைசியாகச் சாப்பிட உட்காருபவர் யார், அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது கள ஆய்வுக்கு எட்டிய தொலைவிலேயே இருந்தது.

முடிவுரை

கருதுகோள் கைவிடப்படுகிறது. பருப்பைக் கைவிட முடியவில்லை; கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். நான்காவது நாவலை முடிப்பதற்குள் பருப்பில் வண்டு வைத்துவிட்டது. இப்போது மொட்டை மாடியில் காய்கிறது. உலகம் முடியும் நாளில் வாசகர்கள் தாராளமாக வரலாம். வரும்போது ஆளுக்கொரு முறம் கொண்டு வரவும்.