700 டாலருக்கு மௌனம்

அமெரிக்காவில் போலீஸ் ஸ்கேனர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: வாங்காதீர்கள். அதையும் மீறி வாங்குவேன் என்றால் மேலே படியுங்கள். பணம் கொஞ்சம் வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு காலத்தில் இது எளிய விவகாரம். நூறு டாலருக்கு ஒரு பெட்டி கிடைக்கும். ஆன்டெனாவை நீட்டினால் ஊர் போலீஸும் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் நம் சமையலறைக்கு வந்து பேசும். எங்கே தீ, எந்தச் சாலை அடைப்பு, பின் தெருவில் ஏன் ஹெலிகாப்டர் வட்டமடிக்கிறது என்பதெல்லாம் வரி கட்டியவனுக்குத் தெரியும். நியூயார்க்கில் வீஜீ என்ற புகைப்படக்காரர் 1938-இல் தன் காருக்குள்ளேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். கொலையோ தீயோ, போலீஸோடு போட்டி போட்டுக்கொண்டு போய் நின்றார். அரசாங்கம் கவிழ்ந்துவிடவில்லை.

பிறகு டிஜிட்டல் வந்தது. எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்றார்கள்.

1989-இல் ‘பிராஜெக்ட் 25’ என்று ஒரு பொதுத் தரத்துக்கு வேலை தொடங்கினார்கள். நோக்கம் உன்னதம். எந்தக் கம்பெனியின் ரேடியோவும் எந்த ஊர் ரேடியோவோடும் பேச வேண்டும். பொதுத் தரம்தான், ஆனால் மனிதக் குரலைச் சுருக்கி எண்களாக மாற்றும் கணக்கு ஒரு தனியார் கம்பெனியின் காப்புரிமை. பொதுமக்களின் போலீஸ், பொதுமக்களின் பணம், பொதுத் தரம். நடுவில் ஒரு சுங்கச்சாவடி.

அதற்கேற்ற ஸ்கேனர்தான் இன்று நீங்கள் வாங்கப் போவது. யூனிடென் கம்பெனியின் எஸ்டிஎஸ்100, 2018-இல் வந்தது. 700 டாலரை ஒட்டி விலை. ஏன் அதுவே வேண்டும்? பெருநகரங்களில் பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன. போலீஸ்காரர் கையில் உள்ள ரேடியோ அதைச் சமாளித்துவிடும். நீங்கள் முன்பு ஐந்நூறு டாலர் கொடுத்து வாங்கிய டிஜிட்டல் ஸ்கேனர் அதில் திணறும். பாதி வார்த்தை, பாதி கரகரப்பு. ஆகவே அதை அலமாரியில் வைத்துவிட்டு இன்னொன்று வாங்குங்கள். முன்னேற்றம் என்றால் சும்மாவா?

வாங்கியாகிவிட்டதா? இன்னும் முடியவில்லை. சில ஊர்கள் டிஎம்ஆர் என்ற முறையில் பேசும். சில என்எக்ஸ்டிஎன். சில ப்ரோவாய்ஸ். மூன்றையும் கேட்கும் திறன் நீங்கள் வாங்கிய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் கட்டினால் ஒரு சாவி எண் வரும். அதைத் தட்டினால், ஏற்கெனவே உங்களுடையதாக இருந்தது உங்களுடையதாகும்.

இந்த இடத்தில் ஒரு மாணவன் சிரிப்பான். தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்த 30 டாலர் யுஎஸ்பி டங்கிள் ஒன்றை மடிக்கணினியில் செருகி, ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருளை ஓட்டி, அவன் இதே பிராஜெக்ட் 25 பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பான். 2012-இலேயே இந்த டங்கிள் வித்தை வெளியே வந்துவிட்டது. சிரிக்கட்டும். அவனுக்கும் கடைசியில் நமக்கு நடக்கப்போவதுதான் நடக்கும்.

இனி அமைப்பு வேலை. ஊரின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும் என்று பெட்டி சொல்லும். உள்ளே இருக்கும் பட்டியல் வந்து விழும். எந்த ஊர், எந்த அலைவரிசை, எந்த டாக் குரூப் (பேச்சுக் குழு) போலீஸுக்கு, எது குப்பை வண்டிக்கு. இந்தப் பட்டியலைத் தொகுத்தது அரசாங்கம் என்று நினைக்காதீர்கள். சம்பளம் வாங்காத ரேடியோ பைத்தியங்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. இன்று நவீன அமைப்புகளில் போலீஸுக்கு என்று நிரந்தர அலைவரிசை கிடையாது. ஒரு கன்ட்ரோல் சேனல் நொடிக்கு நொடி யாரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும். ஒருவர் ஒரு அலைவரிசையில் கேள்வி கேட்பார், பதில் வேறொன்றில் வரும். ஸ்கேனர் பின்னாலேயே ஓட வேண்டும். கையேட்டைப் படித்து, மென்பொருளை இறக்கி, தேவையற்றதைத் தள்ளி, ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்து, ஒரு வார இறுதியைப் பலி கொடுத்தால் நீங்களும் அரை இன்ஜினியர்.

பித்தானை அழுத்துகிறீர்கள். ஓடுகிறது. உங்கள் ஊர் போலீஸின் டாக் குரூப் திரையில் வருகிறது. பக்கத்தில் மூன்று எழுத்து: ‘ஈஎன்சி’. என்க்ரிப்ஷன். மறையாக்கம்.

சத்தமே இல்லை.

எந்தக் கடையிலும் இதற்குச் சாவி கிடையாது. உடைத்துக் கேட்பது சட்டப்படி குற்றம். 700 டாலர் கொடுத்து நீங்கள் வாங்கியது, உங்கள் போலீஸ் இப்போது பேசிக்கொண்டிருக்கிறது என்ற தகவலை மட்டும்.

ஏன் இந்தப் பூட்டு? முதல் பதில்: குற்றவாளிகள் கேட்கிறார்கள். சில திருடர்கள் கேட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ரகசியச் சோதனைக்கும் போதைப்பொருள் வேட்டைக்கும் பூட்டிய அலைவரிசைகள் எப்போதோ வந்துவிட்டன. அவற்றைத் திற என்று யாரும் கேட்கவில்லை. இப்போது பூட்டுவது அன்றாடப் பேச்சை. கார் மோதியது, கதவு உடைந்தது, சந்தேகத்துக்குரிய ஆள் நிற்கிறான் என்ற பேச்சை. கன்ட்ரோல் சேனலைப் பின்தொடரத் தெரிந்த திருடனுக்கு ஏன் திருட்டு? நல்ல சம்பளத்தில் சாஃப்ட்வேர் வேலை கிடைக்குமே.

இரண்டாவது பதில்: பாதிக்கப்பட்டவர்களின் அந்தரங்கம். இது நியாயமான கவலை. அதனால்தான் எரிச்சல் அதிகமாகிறது, ஏனென்றால் இதற்கு வேறு வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் நீதித்துறை 2020 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஓட்டுநர் உரிம எண், பிறந்த தேதி போன்ற விவரங்கள் திறந்த அலைவரிசையில் போகக் கூடாது. ஒன்று பூட்டுங்கள், அல்லது அந்த விவரத்தை மட்டும் தனியாகச் சொல்ல ஒரு நடைமுறை வகுத்துக்கொள்ளுங்கள் என்றது. இரண்டு கதவு காட்டினார்கள். ஊர் ஊராகப் போலீஸ் துறைகள் முதல் கதவில் முண்டியடித்தன. பாலோ ஆல்டோ நகரம் 2021 ஜனவரியில் மொத்தத்தையும் பூட்டியது. மாநிலம் முழுக்க ஓடும் நெடுஞ்சாலைப் போலீஸோ பூட்டாமலே சமாளித்துக்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் பாலோ ஆல்டோவும் பூட்டைக் கழற்றிவிட்டது. முடியாது என்று சொன்ன காரியம், மனசு வைத்தவுடன் முடிந்தது.

மற்ற ஊர்களுக்கு மனசு வரவில்லை. சிகாகோ ஒரு புதுமை கண்டது. நேரடிப் பேச்சு கிடையாது; முப்பது நிமிடம் கழித்து இணையத்தில் கேட்டுக்கொள்ளலாம். அதிலும் வெளியே போகக் கூடாதது நீக்கப்பட்டிருக்கும். உங்கள் தெருவில் துப்பாக்கிச் சத்தமா? பதறாதீர்கள். அரை மணி நேரம் தரையில் படுத்திருங்கள். பிறகு எந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

டென்வர் 2019-இல் பூட்டியது. பத்திரிகைகள் கேட்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றது. போலீஸைக் கண்காணிப்பது பத்திரிகையின் வேலை. எந்த நிபந்தனையில் கண்காணிக்கலாம் என்பதைப் போலீஸ் எழுதித் தரும். கடைசியில் கொலராடோ சட்டமன்றம் 2021-இல் தலையிட்டு, பூட்டுகிற துறைகள் ஊடகங்களுக்கு வழிவிடும் கொள்கை வகுக்க வேண்டும் என்று சட்டம் போட வேண்டியிருந்தது.

நியூயார்க் 2023 ஜூலையில் புரூக்ளினில் ஆரம்பித்தது. புதிய ரேடியோ அமைப்புக்குச் செலவு ஏறத்தாழ 390 மில்லியன் டாலர். நகரமன்றத்தில் கேள்வி கேட்டார்கள். பத்திரிகைகளுக்கு என்ன ஏற்பாடு? ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றது போலீஸ். பூட்டு ரெடியாக இருந்தது, சாவி பரிசீலனையில் இருந்தது. இந்த ஊரில்தான் வீஜீ காரில் ரேடியோ வைத்திருந்தார். இன்று அதே மாநிலத்தில் அனுமதி இல்லாமல் காரில் போலீஸ் ரேடியோ வைத்திருந்தால் குற்றம். கேட்க ஒன்றும் இல்லாத ரேடியோவுக்கும் அனுமதி வேண்டும்.

சரி, இவ்வளவு பணம் கொட்டிய ரகசியமாவது ஒழுங்காகக் காக்கப்படுகிறதா?

2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதே பிராஜெக்ட் 25 ரேடியோக்களைப் பரிசோதித்தார்கள். கடையில் கிடைக்கும் ரிசீவர்களை வைத்துப் பல நகரங்களில் மத்திய அரசின் புலனாய்வுக்காரர்கள் பேசுவதைக் கவனித்தார்கள். பூட்டிப் பேசுவதாக நம்பிக்கொண்டு அந்த அதிகாரிகள் திறந்த வெளியில் பேசிக்கொண்டிருந்தார்கள். துப்புக் கொடுத்தவர்களின் பெயர் உட்பட. ஒரு காரணம்? பூட்டு இருக்கிறதா இல்லையா என்று காட்டும் சுவிட்சில் ஒரு வட்டம், இன்னொரு பக்கம் குறுக்கே கோடு போட்ட வட்டம். எது எது என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதோடு இன்னொன்றும் நிரூபித்தார்கள்: இந்த ரேடியோ அமைப்பை முடக்க பெரிய கருவி வேண்டாம். சிறுமிகள் தோழிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப விற்ற இளஞ்சிவப்புப் பொம்மை ஒன்று போதும். முப்பது டாலர் விலை.

பூட்ட வேண்டியதைப் பூட்டுவதிலும் இவர்களுக்குப் பெரிய அவசரமில்லை. 2017 ஏப்ரலில் டாலஸ் நகரில் யாரோ ஒருவர் வானொலி அலை மூலமே 156 அபாயச் சங்குகளை நள்ளிரவில் ஊத வைத்தார். ஊரே எழுந்து உட்கார்ந்தது. சூறாவளி வருகிறது என்று சொல்லும் சங்குக்கு அதுவரை மறையாக்கம் இல்லை. அடுத்த நாள்தான் போட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது சிரிக்கும் விஷயமில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மேலே வட்டமிட்ட போலீஸ் ஹெலிகாப்டர் கட்டடம் சரியப்போகிறது என்று எச்சரித்தது. அது போலீஸ் ரேடியோவில் போனது. வடக்குக் கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது வந்து சேரவில்லை. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தான் பிறகு ரேடியோக்களுக்குப் பணம் கொட்டப்பட்டது. வாங்கினார்கள். வாங்கியதும் பூட்டினார்கள். சாவி கைமாறாத பக்கத்து ஊர்த் துறைக்கு இன்று கேட்பதும் நம் 700 டாலர் பெட்டிக்குக் கேட்பதும் ஒன்றுதான்.

சட்டம் இயற்றுகிறவர்களின் அக்கறையும் கொஞ்சம் பாருங்கள். 1980-களின் செல்போன்கள் பூட்டு இல்லாத அலையில் பேசின. எந்த ஸ்கேனரிலும் கேட்கும். சரியான தீர்வு போனைப் பூட்டுவது. அதற்குச் செல்போன் கம்பெனி செலவழிக்க வேண்டும். ஆகவே நாடாளுமன்றம் 1986-இல் கேட்பதைக் குற்றமாக்கியது. 1992-இல் அந்த அலைவரிசையைக் கேட்கும் ஸ்கேனரைச் செய்வதையே தடை செய்தது. 1996 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு தம்பதி பழைய ஸ்கேனரில் ஒரு கூட்டு அழைப்பைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். பேசியவர் சபாநாயகர் நியூட் கிங்ரிச். தன் மீதான நெறிமுறைப் புகாருக்கு எதிர்ப்பிரசாரம் ஏற்பாடு செய்ய மாட்டேன் என்று நெறிமுறைக் குழுவிடம் ஒப்புக்கொண்டிருந்தவர், அந்தப் புகாரை வெளியே எப்படிச் சமாளிப்பது என்று கட்சித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். கேட்ட தம்பதிக்கு ஆளுக்கு 500 டாலர் அபராதம். அவர்களிடமிருந்து பெற்ற பதிவை வெளியே கொடுத்த எம்.பி. ஏறத்தாழ பத்தாண்டு வழக்காடி, எதிர்த் தரப்புக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் வழக்குச் செலவு கட்டினார். அந்தப் பழைய செல்போன் முறையைக் கம்பெனிகள் கைவிட 2008-இல் அனுமதி கிடைத்தது. இன்று நீங்கள் வாங்கும் புத்தம்புது ஸ்கேனரிலும் அந்த அலைவரிசைகள் சட்டப்படி அடைக்கப்பட்டே வருகின்றன. சுடுகாட்டுக்குக் காவல் போட்டவர்கள், ஆளை எடுக்க மறந்துவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாங்குவதானால், முதலில் பட்டியலைப் பாருங்கள். உங்கள் ஊர் போலீஸுக்கு நேரே மறையாக்கக் குறி இருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல ஊர்களில் தீயணைப்பும் ஆம்புலன்ஸும் இன்னும் திறந்தே இருக்கின்றன. விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்கும். ரயில் கேட்கும். அரசின் வானிலை அறிவிப்பு இரவு பகலாக ஓடும். அதில் யாரும் எதையும் மறைப்பதில்லை, மழைக்கு வக்கீல் கிடையாது என்பதால் இருக்கலாம்.

அல்லது வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ரசீது இருந்தால் கடைக்காரர் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார். அந்த 390 மில்லியனுக்கும் நம்மிடம் ரசீது இருக்கிறது. எந்தக் கவுன்ட்டரில் நீட்டுவது?