கரகரப்பின் மகிமை

வாக்கி டாக்கி என்னும் கையடக்கமான கருவியில், பேச்சுக்கு முன்னும் பேச்சுக்குப் பின்னும், பல சமயங்களில் பேச்சுக்குப் பதிலாகவுமே வந்துகொண்டிருந்த கரகரப்புச் சப்தத்தை டிஜிட்டல் விஞ்ஞானிகள் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். இதைப் பெரிய முன்னேற்றமென்று கொண்டாடுகிறவர்கள், அந்தக் கரகரப்பின் நிழலில் எத்தனை ஜீவன்கள் மானத்தோடு பிழைத்து வந்தன என்பதை அறியமாட்டார்கள்.

என் சிநேகிதர் ஒருவர் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றின் மானேஜர். வாசல் காவலர், கார் நிறுத்துமிடத்துப் பையன், பந்தி மேற்பார்வையாளர், சமையல் மாஸ்டர் ஆகிய அனைவர் கையிலும் பழைய அனலாக் கருவிகள் இருந்த காலத்தில், "மாஸ்டர், இரண்டாம் பந்திக்குப் பாயசம் எங்கே?" என்று அவர் கேட்டால், "சார், ஒரே கரகரப்பா இருக்கு, ஒண்ணும் விளங்கலீங்க" என்று பதில் வரும். அந்தப் பதில் மட்டும் என்றைக்கும் ஸ்பஷ்டமாகக் கேட்கும்.

பொறுமை இழந்த சிநேகிதர் டிஜிட்டல் கருவி விற்கும் பிரதிநிதியை வரவழைத்தார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். எந்த முறை வேண்டுமென்று அவர் கேட்டபோதுதான், இதிலும் சம்பிரதாய பேதங்கள் உண்டென்பது எங்களுக்கு விளங்கியது. அவர் சொன்னதை நான் கிரகித்துக்கொண்டது, நம் குடும்பங்களில் நடக்கும் பாகப்பிரிவினையை வைத்துத்தான். 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை அண்ணன் தம்பி இருவருக்குப் பொதுவான பூர்விக வீடென்று கொண்டால், நடுவே சுவர் எழுப்பி ஆளுக்கு 6.25 கிலோஹெர்ட்ஸ் என்று பிரித்துக் கொடுப்பது டி.பி.எம்.ஆர். முறை, ஐகாம், கென்வுட் என்னும் ஜப்பானியக் கம்பெனிகள் இரண்டும் சேர்ந்து வகுத்த என்.எக்ஸ்.டி.என். முறையும் அவ்வளவு ஒடுங்கிய அறையில் குடித்தனம் நடத்த வல்லது. சுவரே வேண்டாம், முழு வீட்டையும் அண்ணன் 30 மில்லி செகண்டும் தம்பி 30 மில்லி செகண்டுமாக மாறி மாறி அநுபவிக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்வது டி.எம்.ஆர்.; ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிர்ணய ஸ்தாபனம் 2005-இல் வெளியிட்டது இது. அதே ஸ்தாபனம் அதற்கு முன்பே வகுத்த டெட்ரா முறையில் வீடு 25 கிலோஹெர்ட்ஸ், சகோதரர் நால்வர். அமெரிக்கப் போலீசாருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் பி-25 என்று தனியாக ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில் அந்த அளவுக்குக் கலவரம் நேருவது அபூர்வம் என்பதால் அதை விட்டுவிட்டோம். ஒரு முறையை மட்டும் அறிந்த கருவி இன்னொரு முறையில் பேசும் கருவியோடு பேசாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பாகம் பிரிந்த வீட்டில் அதுதானே வழக்கம்!

டி.எம்.ஆர். தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் விதிகளில் விசேஷம் என்னவென்றால், காற்றில் செல்லும் அலையின் இலக்கணத்தையெல்லாம் அணுவணுவாக நிர்ணயித்தவர்கள், குரலை எப்படி எண்ணாக மாற்றுவது என்பதை மட்டும் நிர்ணயிக்காமல் விட்டார்கள். உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ஏ.எம்.பி.இ.+2 என்னும் உபாயத்தை ஏற்றுக்கொண்டார்கள். டிஜிட்டல் தொலைபேசியில் குரலுக்கு வழக்கமாக செகண்டுக்கு 64,000 பிட்டு ஒதுக்குவார்கள்; இந்த உபாயமோ 2,450 பிட்டுக்குள் மனிதனை அடக்கிவிடுகிறது. மனிதக் குரலையே மாதிரியாக வைத்து அமைக்கப்பட்டதாகையால், மற்றச் சப்தங்களுக்கு அது கொடுக்கும் மரியாதை குறைவுதான். முகூர்த்த நேரத்தில் பந்தி மேற்பார்வையாளர் பேசியபோது, அவருக்குப் பின்னால் முழங்கிய நாதஸ்வரம் எங்களுக்கு வந்து சேர்ந்த கோலத்தை, அந்த வித்வான் கேட்டிருந்தால் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு அன்றே ஊர் திரும்பியிருப்பார்.

பழைய கருவியில் ஆள் விலகிப் போகப் போகக் குரல் தேய்ந்து கரகரப்பு மிகும். அதைக் கொண்டே அவர் இருக்கும் தொலைவை ஊகித்துவிடலாம். புதியதில், எல்லைவரை காதருகே நின்று பேசுகிறவர், எல்லையைத் தாண்டிச் சில அடி வைத்ததும் குழறிவிட்டு அடியோடு மறைந்துபோகிறார். போதாக்குறைக்கு, பேசுகிறவர் இன்னார் என்பது திரையில் வேறு தெரிகிறது. கருவிகளுக்கு அடையாளமிட 1 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான எண்கள் வைத்திருக்கிறார்களாம். எங்கள் மண்டபத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஆனால் எந்த ஸ்தாபனமும் மனிதனின் கட்டைவிரலுக்குத் தரம் நிர்ணயிக்கவில்லை. வாக்கியம் முடியுமுன் பொத்தானை விட்டுவிடுவது நம்மவர் சுபாவம். "ரசம் இன்னும் வேண்..." என்று ஸ்படிகம் போன்ற தெளிவோடு வந்து நின்ற செய்தியை மாஸ்டர் 'வேண்டாம்' என்று பூர்த்தி செய்துகொண்டு அடுப்பை அணைத்தார், மாப்பிள்ளை வீட்டார் அதை வேறு விதமாகப் பூர்த்தி செய்தார்கள்.

கரகரப்பு என்னும் புகலிடம் பறிபோன பிறகு, மாஸ்டர் சிலநாள் "நான் வேற குரூப்பில் இருந்துட்டேன் சார்" என்று காலம் தள்ளினார். குழு எண் பொருந்தாவிட்டால் கருவி வாய் திறவாது என்பதை அவர் எங்களுக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார். சிநேகிதர் எல்லாக் குமிழ் நிலைகளுக்கும் ஒரே குழுவை ஏற்றிவைத்து அந்த வழியையும் அடைத்தார். இந்த முறையில் பேசும்போது கருவி பாதி நேரமே ஒலிபரப்புவதால் பாட்டரி நெடுநேரம் உழைக்கும் என்று பிரதிநிதி உறுதி கூறியிருந்தார். மற்றெல்லார் விஷயத்திலும் அது பலித்திருக்கிறது. மாஸ்டருடைய பாட்டரி மட்டும் இரண்டாம் பந்திக்கு இலை போடும் வேளையில் தவறாமல் தீர்ந்துவிடுகிறது. இதற்கும் ஐரோப்பாவில் ஏதாவது விதி வகுத்திருக்கிறார்களா என்று விசாரித்து, சிநேகிதர் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.