எங்கேயோ பார்த்த முகம்

நேற்றிரவு ‘விஷியஸ்’ என்னும் ஆங்கில நகைச்சுவைத் தொடரை நிம்மதியாகப் பார்க்கலாமென்று உட்கார்ந்த எனக்கு நேர்ந்த உபத்திரவத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனர் பக்கத்து நாற்காலியில் இருந்தார் என்று சொன்னால் போதும். மிச்சத்தை வாசகர்கள் தாமே அறிவார்கள்.

லண்டனில், பட்டப்பகலிலும் திரைச்சீலை விலகாத ஒரு கூடத்தில், பிரெட்டி, ஸ்டூவர்ட் என்ற இரண்டு கிழவர்கள், ஏறக்குறைய ஐம்பது வருஷமாகத் தம்பதியாய் வாழ்ந்துகொண்டு, ஒருவரையொருவர் வாய் ஓயாமல் ஏசிக் காலந்தள்ளுகிறார்கள். 2013-இல் தொடங்கிய இத்தொடரில் ஒரு விசேஷம் உண்டு. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை ஆரம்பித்தேன். அதற்குள், “அத்தான், இந்த மனுஷரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!” என்றார் மைத்துனர்.

தெரிந்ததைச் சொல்லாமலிருக்கும் விரதம் எனக்கு என்றுமே வாய்த்ததில்லை. பிரெட்டியாக நடிக்கும் இயன் மெக்கெல்லன்தான் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தில் நீண்ட தாடியும் கைத்தடியுமாக வந்த மந்திரவாதி கேண்டால்ஃப் என்று நான் விளக்கி, “தாடியைக் காணோமே?” என்ற ஆட்சேபத்துக்கு மூக்கைச் சாட்சியாகக் காட்டி முடிப்பதற்குள், ஸ்டூடியோவில் கூடியிருந்த ஜனங்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். ஸ்டூவர்ட்டாக வரும் டெரிக் ஜாகோபி, 1976-இல் ‘ஐ, கிளாடியஸ்’ தொடரில் திக்குவாய் ரோமச் சக்கரவர்த்தியாக நடித்துப் புகழ்பெற்றவர் என்றேன். இன்னொரு சிரிப்பு போயிற்று. சிநேகிதி வயலெட்டாக வரும் ஃபிரான்செஸ் டி லா டூர், ஹாரி பாட்டர் படத்தில் ராட்சச உருவத்தோடு வந்த தலைமையாசிரியை. அந்தக் கணக்கில் இரண்டு சிரிப்புகள். மாடி வீட்டுக்குக் குடிவந்த சாதுப் பையன் ஆஷ், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் மனிதர்களின் தோலை உரித்த அதே ராம்ஸே போல்டன் என்று மட்டும் நான் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை புன்னகையோடு கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம், “ஐயா, பெரியவரே, ஜாக்கிரதை!” என்று மைத்துனர் திரையைப் பார்த்துக் கூவத் தொடங்கினார்.

கோபத்தை அடக்கிக்கொண்டு, விஷயத்துக்கு வந்தேன். இங்கிலாந்தில் 1967 வரையில் ஆணும் ஆணும் உடலுறவு கொள்வது சிறைக்கு அனுப்பத்தக்க குற்றமாக இருந்தது; பிரெட்டியும் ஸ்டூவர்ட்டும் குடித்தனம் தொடங்கியது அதற்கும் முந்திய காலம்; நிஜ வாழ்விலும் தாங்கள் ஆண்களை நேசிப்பவர்கள் என்று பகிரங்கமாகச் சொன்ன இரு நடிகர்கள், கேம்பிரிட்ஜில் படித்த நாள் முதல் சிநேகிதர்கள், எழுபது வயதுக்கு மேல் இந்த வேஷங்களைக் கட்டுகிறார்கள் என்றால், அந்த ஏச்சுகளுக்கெல்லாம் அடியில்…

“அத்தான், கூடையில் அசையாமல் படுத்திருக்கிறதே ஒரு கிழட்டு நாய், அது வேறெந்தப் படத்தில் நடித்தது?”

மொத்தம் 14 பகுதிகளே உள்ள தொடர் இது. பார்க்க விரும்பும் அன்பர்கள், நடிகர்களின் பூர்வோத்தரங்களையெல்லாம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வந்து உட்காரும்படி மிகவும் வணக்கத்துடன் வேண்டிக்கொள்கிறேன்.