அடிமனையும் பட்டப்படிப்பும்

கேள்வி: எம்.பி.ஏ. படிப்பில் ரியல் எஸ்டேட்டைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் திருச்சியில் மனை வணிகம் கைகூடுமா?

பதில்: பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984 முதலும், ஐ.ஐ.எம். 2011 முதலும் இயங்கும் திருச்சியில் மேலாண்மைக் கல்விக்குப் பஞ்சமில்லை. எனினும், ஒரு கட்டடம் எதிர்காலத்தில் ஈட்டவிருக்கும் வாடகையை இன்றைய மதிப்பாகச் சுருக்கிக் கணக்கிடும் முறையை வகுப்பறையில் தேறியவர், காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்தில் இறங்கினால், விலைக்கு முன்பே உரிமை பற்றிய கேள்வி குறுக்கே வந்து நிற்கும். அங்கே பல வீதிகளில் வீடு குடியிருப்பவருக்கும், அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், அரங்கநாதருக்கும் உரியதா என்ற பூசல் நெடுநாளையது. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அவ்விற்பனை செல்லாது. அதற்குமேல், சொத்து வைத்திருக்கும் தெய்வத்தைச் சட்டம் மைனராகவே கருதுவதால், 236 அடி இராசகோபுரம் உடையவரானாலும் பெருமாள் பத்திரத்தில் கையெழுத்திட இயலாது. பள்ளிகொண்டிருக்கும் மைனரிடம் பேரம் பேசும் உத்தி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்லும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தை வேண்டுமானால் வகுப்பிலேயே கற்கலாம். படிக்க விரும்புவோர் தாராளமாகச் சேரட்டும். சேருமுன், ஏதேனும் ஒரு மனைக்கு முப்பதாண்டு வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, தாய்ப்பத்திரத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.