கைக்கு எரியுதா, போனுக்கு எரியுதா?

வா கண்ணு, இப்படி உட்காரு. திண்ணை லைட்டு எரியலைன்னு விடிஞ்சதுல இருந்து போனத் தேச்சுக்கிட்டே இருக்கற. ரேகை அழிஞ்சு போச்சுன்னா ரேசன் கடை மிசினு உனக்குச் சர்க்கரை போடாது, பார்த்துக்கோ.

எந்திரிச்சுப் போயி அந்த ஸ்மார்ட் சுவிட்சக் கையில அமுத்து. நாலெட்டுத்தான், கால் ஒண்ணும் தேஞ்சு போகாது. எரியுதா? அப்ப ஒயருல கோளாறு இல்லை, காத்துல வர்ற சமாச்சாரத்துலதான் கோளாறு. கைக்கும் எரியலைன்னா ஒயர்ப் பக்கம் போவோம். இதக்கூடப் பார்க்காம ரீசெட் மேல ரீசெட் அடிச்சு, வெச்சிருந்த டைமரையெல்லாம் அழிச்சயே, பி.இ. படிச்ச புள்ளைன்னா புள்ளைதான்.

சரி, போன மாசம் வைஃபை பாஸ்வேர்ட மாத்துன. உங்கம்மாகிட்டச் சொன்ன, பக்கத்து ஊட்டுப் பையன்கிட்டக்கூடச் சொன்ன. சுவிட்சுகிட்டச் சொன்னயா?

சொல்லியும் விட்டு விட்டுத்தான் வேலை செய்யுதா? புது ரூட்டரு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டையும் ஒரே பேருல வுடுது. இந்தச் சுவிட்சுகள்ல முக்காவாசிக்கு 2.4 மட்டுந்தான் காதுல உழும். ரெண்டுக்கும் வேற வேற பேரு வெய்யி. 2.4-க்குச் சேனல 1, 6, 11 இதுல எது காலியோ அதுல நிறுத்து. மத்ததெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிச்சுக்கும். அந்தச் சுவிட்சுக்குன்னு ஒரு ஐபி முகவரிய ரூட்டருல ஒதுக்கி வெச்சுரு.

கரண்டு போயிட்டு வந்தா மட்டும் மக்கர் பண்ணுதுன்னா வேற கதை. சுவிட்சு கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முழிச்சுக்குது, ரூட்டரு சோம்பல் முறிச்சு எந்திரிக்க ரெண்டு மூணு நிமிசம் ஆகுது. தேடித் தேடிப் பார்த்துட்டுச் சில சுவிட்சு கோவிச்சுக்கிட்டுப் படுத்துக்கும். ரூட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கிப் போடு. இன்னொண்ணு, இன்டர்நெட் ஒயர மட்டும் புடுங்கிட்டுப் போன அமுத்திப் பாரு. எரியலைன்னா, நம்மூட்டுத் திண்ணை லைட்டு கண்ணுக்குத் தெரியாத தேசத்துச் சர்வர்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் எரியுதுன்னு அர்த்தம். பெரிய மனுசன்தான் போ.

இனி ஒயரு. மெயின ஆஃப் பண்ணு, டெஸ்டர் வெச்சுப் பாரு, அப்புறம் கைய வெய்யி. இந்த வரிசைய மாத்தாத. ஸ்குரூ தளர்ந்து ஒயரு கருகியிருக்கும், இல்லீன்னா பல்லி குடியேறியிருக்கும். ரெண்டும் இல்லீன்னா நியூட்ரலத் தேடு. பழைய ஊடுகள்ல சுவிட்சுப் பொட்டிக்கு ஃபேஸ் மட்டுந்தான் வரும், நியூட்ரல் நேரா லைட்டுக்குப் போயிரும். நியூட்ரல் இல்லாத சுவிட்சு, கஞ்சிய பல்பு வழியாத்தான் உறிஞ்சிக் குடிக்கோணும். நீ மாட்டியிருக்கறதோ 3 வாட் எல்இடி. அதனாலதான் அணைச்சப்புறமும் மினுக்கு மினுக்குங்குது. நியூட்ரல் ஒயர இழு, இல்லீன்னா அந்தச் சுவிட்சுக்கு ஏத்த பைபாஸ் கெபாசிட்டர லைட்டோட சேர்த்துப் போடச் சொல்லு. எர்த்தையே நியூட்ரலாக் குடுத்தர்றேன்னு எவனாச்சும் சொன்னான்னா, டீத்தண்ணி குடுத்து மரியாதையா வழியனுப்பிச்சுரு.

அப்புறம் மோட்டாரு. 1 ஹெச்பிதானேன்னு அதையும் நேரா இதுலயே மாட்டி வெச்சிருக்கற. மேல 16 ஆம்பியர்னு எழுதியிருந்தாப் போதுமா? அது ஹீட்டரு கணக்கு. மோட்டாரு ஓடறப்ப இழுக்கறத விட, கிளம்பற நொடியில அஞ்சாறு மடங்கு இழுக்கும். உள்ள இருக்கற ரிலேயோட நாக்கு ரெண்டும் பொறி பறந்து பறந்து ஒட்டிக்கும். காண்டாக்டரு ஒண்ணு வாங்கி மோட்டார அதுக்குக் குடு, சுவிட்சு காண்டாக்டர மட்டும் இழுக்கட்டும்.

நேத்து ராத்திரி நீ போன்ல மோட்டாரு 'ஆஃப்'னு பார்த்துட்டு நிம்மதியாத் தூங்குன. தொட்டி ரொம்பி விடிய விடியத் தென்னைக்குப் பாஞ்சுது. அதுக உம்மேல ஒரு குறையும் சொல்லலை, கண்ணு.